கண்ணால் எழுதவும் தமிழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணசைவைப் பதிவு செய்யும் கண்ணாடிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை விளையாட்டுக்கும் வணிகத்துக்கும் அவை பயன்படுவதை விரிவாகச் சொன்னது. பேச்சிழந்தவர்களுக்கு அவை எவ்வளவு வேண்டியவை என்பதை என் குடும்ப அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

என் அண்ணன் இயக்க நரம்பணு நோயால் மூன்றாண்டுகள் படுக்கையில் இருந்தார். கையும் காலும் நாக்கும் ஓய்ந்த பிறகும், இந்நோயில் பெரும்பாலும் நடப்பதுபோல, கண்கள் மட்டும் அவர் சொன்னபடி கேட்டன. அண்ணி ஓர் அட்டையில் முதலில் 247 எழுத்துகளையும் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று குறைத்துக்கொண்டார். அவர் விரலை நகர்த்திக்கொண்டே போக, வேண்டிய எழுத்தில் அண்ணன் இமைப்பார். கழுத்து வலித்த ஒரு மாலையில் "தலையணை" என்று சொல்லி முடிக்க எட்டு இமைப்புகளும் கால் மணி நேரமும் ஆயின.

இக்கண்ணாடியின் சட்டத்திலுள்ள நுண்விளக்குகள் அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சுகின்றன. கருவிழியில் தெறிக்கும் ஒளிப்புள்ளியையும் கண்பாவையின் நடுவையும் சிறு கேமரா படம்பிடிக்க, பார்வை திரையிலுள்ள எந்த எழுத்தில் நிற்கிறது என்பதைக் கணினி கணக்கிடுகிறது. மூக்கில் சற்று நழுவினாலும் அளவு தவறிவிடும் என்பது உண்மையே. ஆனாலும் திரையடியில் பொருத்தும் கருவியைப் போலன்றி, தலை சாய்ந்தாலும் இது கண்ணை விட்டு விலகுவதில்லை.

இது பணக்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டியதில்லை. 2009இல், இதே நோயால் முடங்கிய லாஸ் ஏஞ்சலீஸ் சுவரோவியர் டோனி குவானுக்காக, கலைஞர்கள் சிலர் மலிவான கண்ணாடிச் சட்டத்தில் வீடியோ விளையாட்டுக் கருவியின் கேமராவைப் பொருத்தி 'ஐரைட்டர்' என்ற கருவியைச் செய்தார்கள். மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். அதைக் கொண்டு அவர் மீண்டும் வரைந்தார்.

தமிழக அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை, அண்ணியின் அட்டையைப் போலவே உயிரும் மெய்யுமாக அமைந்தது. அகரம் தானே சேர்ந்துகொள்வதால் "தலையணை"க்கு ஆறு பார்வைகள் போதும். அதைக் கண்பார்வைக்கு ஏற்றபடி பெரிய கட்டங்களாக அமைத்துத் தரும் பணியை நம் பொறியியல் கல்லூரிகள் ஏற்க வேண்டும். சக்கர நாற்காலியும் காது கேட்கும் கருவியும் வழங்கும் அரசு, இக்கண்ணாடியையும் தமிழ் விசைப்பலகையோடு சேர்த்து வழங்க வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.