டன்ஜன் மாஸ்டர்களுக்கு: வைரத்தின்மேல் பழி போடாதீர்கள்

அன்புள்ள டன்ஜன் மாஸ்டர்களே,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தை நடத்தும் நீங்கள், அதன் ஐந்தாம் பதிப்பில் யாருமே சாவதில்லை என்று அலுத்துக்கொண்டு, வைரத்தைச் செலவழித்துச் செத்தவரை உயிர்ப்பிக்கும் மந்திரங்களைத் தடை செய்கிறீர்கள். ஓட்டை அங்கே இல்லை, பூஜ்ஜியத்தில் இருக்கிறது.

ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 0 ஆகி விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டுகிறார்; இதுதான் டெத் சேவ். 10-ம் அதற்கு மேலும் வெற்றி; மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. ஆனால் ஒரே ஒரு பாயின்ட் குணமானாலும் அதுவரை சேர்ந்த தோல்விகள் அழிந்துவிடும். குணமாக்கும் ஹீலிங் வேர்ட் முதல் நிலை மந்திரம்தான். 60 அடி தள்ளி நின்று, தன் முறையின் முக்கியச் செயலை இழக்காமல், போனஸ் ஆக்‌ஷனிலேயே போட்டுவிடலாம். அதனால் விவரம் தெரிந்த குழு யாரையும் விழுமுன் குணப்படுத்துவதே இல்லை. 3 பாயின்ட் மிச்சமுள்ளவர்மேல் 20 பாயின்ட் அடி விழுந்தால் மீதி 17 வீண் (அந்த மீதி அவருடைய உச்ச ஹிட் பாயின்ட்டை எட்டாதவரை). கணக்கே விழச் சொல்கிறது!

இதேபோன்ற இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. எழுந்தவர்மேல் ‘வூண்டட்’ என்ற காய எண் ஒட்டிக்கொள்ளும், மறுபடி விழுந்தால் அந்த எண் ‘டையிங்’ என்ற சாவு எண்ணோடு கூடும், டையிங் 4 என்றால் ஆள் காலி.

உங்கள் மேசைக்கு எளிய வழி: டெத் சேவ் தோல்விகளை லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) வரை அழிக்காதீர்கள். வெற்றிகளை மட்டும் அழியுங்கள். பாத்திரங்களின் முதல் இரண்டு நிலைகளில் இது வேண்டாம், அங்கே ஏற்கெனவே ஓரிரு அடியில் கதை முடிகிறது. இதற்குப் பதிலாக, எழுபவருக்கு ஒரு எக்ஸாஷன் (களைப்பு நிலை) கொடுப்பவர்களும் உண்டு. ஐந்தாம் பதிப்பின் 2014 விதியில் மூன்றாவது எக்ஸாஷனிலேயே தாக்குதலும், ஆபத்தைத் தவிர்க்க உருட்டும் சேவிங் த்ரோவும் டிஸ்அட்வான்டேஜில் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) போய்விடும், லாங் ரெஸ்டுக்கு ஒன்றுதான் இறங்கும். குழு நாள்கணக்கில் முகாமிலேயே கிடக்கும். திருத்திய 2024 விதியில் ஒவ்வொன்றுக்கும் பகடையில் 2 கழியும், தாங்கலாம்.

இனி வைரம். உயிர்ப்பிக்கும் மந்திரங்களில் ரிவைவிஃபைக்கு 300 பொன் மதிப்புள்ள வைரம், செத்து ஒரு நிமிடத்துக்குள். ரெய்ஸ் டெட்டுக்கு 500, பத்து நாள் வரை. இப்படி எழுந்தவருக்குப் பகடையில் 4 கழிவு, அது நாலு லாங் ரெஸ்டில் தீரும். வைரம் மிஞ்சாது. இந்த விலைகளைத் தொடாதீர்கள். போகிற ஊரிலெல்லாம் பொன்னைக் கொட்டி வைரம் வாங்க விடுவதை மட்டும் நிறுத்துங்கள். புதையலில் நீங்கள் வைத்ததுதான் கையிருப்பு. உடல் அழுகாமல் காக்கும் ஜென்டில் ரிபோஸ் மந்திரம் போட்ட நாட்கள் அந்தப் பத்தில் சேராது என்பதால், உடலைச் சுமந்துகொண்டு வைரம் தேடிப் போவதே ஒரு சாகசமாகும்.

எதை மாற்றினாலும் பாத்திரம் உருவாக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். குணப்படுத்தும் பூசாரியான கிளெரிக் பாத்திரத்தை யார் எடுப்பது என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சாகத் தயாரான ஆட்டக்காரர்கள்