சண்டை தீர்க்க ஒரு நாள் பயிற்சி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து பயிற்சியாளர்களுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "புரொடக்‌ஷனுக்கும் குவாலிட்டிக்கும் ஆகவே மாட்டேங்குது. 31-ஆம் தேதிக்குள்ள ஒரு நாள் புரோகிராம் நடத்திக் குடுங்க. நல்லாப் பேசுறவரா அனுப்புங்க." பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை ஆண்டுக் கணக்கு முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. ஆனால் பகைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பிரிவுகளை ஒரு நாள் மண்டபத்தில் உட்கார வைப்பதால் எதுவும் தீராது. சில இடங்களில் புண் இன்னும் ஆழமாகிவிடும். வெளியாள் ஒருவரை அழைத்துப் பேச வைப்பது நல்ல வழி என்று நம்பி இந்த வேலையைச் செய்பவர்கள் நாங்கள். அழைப்பவர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது முதலாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம்.

அந்த ஒரு நாளில் என்ன நடக்கிறது? நாற்பது பேர் வருகிறார்கள். விளையாட்டு, குழுப்படம், மதியச் சாப்பாடு. முதல் வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் யாரும் உள்ளதைச் சொல்வதில்லை. மறுநாள் காலை 6 மணி ஷிப்ட்டுக்கு அதே மெஷின், அதே டார்கெட், அதே ஆட்கள். எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எதைப் பேச வேண்டுமோ அதைத் தொடவே இல்லை.

பணியிடச் சண்டைகளில் பலவற்றுக்கு வேர், வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. உற்பத்திப் பிரிவுக்கு இன்சென்டிவ், எத்தனை பீஸ் ஓட்டினார்கள் என்பதை வைத்து. குவாலிட்டிக்காரருக்கு மதிப்பெண், எத்தனை பிழையைப் பிடித்தார் என்பதை வைத்து. ஒருவர் நன்றாக வேலை செய்தால் மற்றவர் சட்டைப்பையில் கை வைத்த மாதிரி ஆகிறது. இப்படி அமைத்துவிட்டு "விட்டுக்கொடுத்துப் போங்கப்பா" என்றால் யார் விட்டுக்கொடுப்பது? முதல் ஓட்டத்திலேயே, திரும்ப வேலை வைக்காமல், சரியாக வந்த பீஸ் எத்தனை என்ற ஒரே கணக்கை இரண்டு பிரிவுக்கும் பொதுவாக்கினால் பாதிச் சண்டை அடங்கிவிடும். அதைப் பயிற்சியாளர் செய்ய முடியாது. நிர்வாகம்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இது நேற்று தெரிந்த செய்தி இல்லை. 1953-இல், மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், ஆமதாபாத் காலிகோ மில்லுக்கு ஆலோசகராக வந்தார். தானியங்கித் தறி போட்ட ஷெட்டில் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. துணியில் சேதமும் அதிகம். 224 தறிகள், 29 பேர். அவர்களுடைய வேலை 12 வகையாகத் துண்டு போடப்பட்டிருந்தது. நெய்பவருக்கு இத்தனை தறி, மற்ற வேலைக்காரருக்கு வேறு கணக்கில் அத்தனை தறி என்று ஆளுக்கொரு எல்லை. ஒரு தறி நின்றால் யாரைக் கேட்பது என்றே தெரியாத நிலை. ரைஸ் யாருக்கும் ஒற்றுமை வகுப்பு எடுக்கவில்லை. இந்தத் தறிகளுக்கு இந்தக் குழு என்று பிரித்தால் என்ன என்ற யோசனையை முன்வைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர்களே தங்களுக்குள் ஆள் சேர்த்துக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். தொடக்கத்துத் தடுமாற்றங்களுக்குப் பிறகு உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது. வெளியாளால் ஆகக்கூடிய பெரிய உதவி இதுதான்: உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாததை எடுத்துக் காட்டுவது.

சண்டை முளைக்கும் இன்னொரு இடம் ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம். கணினி கட்டுப்படுத்தும் மெஷின்கள் ஓடும் சி.என்.சி. பட்டறை ஒன்றின் ஒப்படைப்பு நோட்டை எடுத்துப் பாருங்கள். "மெ 4 சரியில்லை" என்று இரவு ஷிப்ட் எழுதியிருக்கும். காலையில் வந்தவர் அதைப் பார்த்தும் ஓட்டுவார், முப்பது பீஸ் ரிஜெக்ட் ஆகும். "எழுதி வெச்சனே!" என்பார் ஒருவர், "என்னத்த எழுதின?" என்பார் மற்றவர். ஒரு வாரத்தில் இரண்டு ஷிப்ட்டும் முகம் பார்க்காது. அதே பக்கத்தில் இப்படி இருந்திருந்தால்: "மெ 4. போர் 0.02 மி.மீ. பெருசா வருது. 3.40-க்கு இன்செர்ட் மாத்தியாச்சு, ஆஃப்செட் இன்னும் குடுக்கல. முதல் 5 பீஸ் அளந்துட்டு ஓட்டவும்." (போர் என்றால் மெஷின் குடையும் துளை, இன்செர்ட் என்றால் வெட்டும் முனை, ஆஃப்செட் என்றால் அந்த முனைக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தம்.) என்ன ஆச்சு, எப்போ, என்ன செஞ்சாச்சு, என்ன பாக்கி. இந்த நான்கையும் நோட்டில் கட்டம் போட்டு அச்சடித்துவிட்டால் எழுத மறக்காது. ஆனால் ஒன்று. கம்பெனி பஸ் 6.05-க்குக் கிளம்புகிறது என்றால் எந்த நோட்டும் உதவாது. இரவு ஆள் 5.55-க்கே கை கழுவப் போயிருப்பார். பஸ்ஸை 6.20-க்கு மாற்றி, அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். இதைக் கண்டுபிடிக்க உளவியல் படிப்பு வேண்டியதில்லை, மூன்று நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓரமாக நின்று பார்த்தால் போதும். அப்படி வந்து நிற்கத் தயாராக இல்லாத ஆலோசகரை அழைக்காதீர்கள்.

சரியான முறை என்ன? முதலில், பணம் கொடுப்பவரோடு எழுத்தில் ஒப்பந்தம். தனிப் பேச்சில் யார் என்ன சொன்னார்கள் என்பது நிர்வாகத்துக்குப் போகாது. பொதுவாகத் தெரிந்தவை மட்டும், பெயரில்லாமல், இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில், ஒரே தாளில் போகும். உயிருக்கு ஆபத்து, குற்றம், பாலியல் தொல்லை ஆகியவை மட்டும் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கைப் பேச்சு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கு மீறப்பட்டால் அந்தத் தொழிற்சாலையில் அடுத்த பத்து ஆண்டுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது தனித்தனிப் பேச்சு, ஆளுக்கு 45 நிமிடம். பன்னிரண்டு பேர் குழு என்றால் ஒன்பது மணி நேரம், இடைவெளிகளையும் சேர்த்தால் ஒரு நாளில் முடியாது, இரண்டாம் நாளும் வேண்டும். செலவைக் குறைக்க இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இதை வெட்டினால் மிச்சமெல்லாம் வீண். பேசும் இடம் ஹெச்.ஆர். அறையாகவோ, யார் உள்ளே போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும் கண்ணாடி அறையாகவோ இருக்கக் கூடாது. "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் வசைதான் வரும். "கடைசியா எப்ப தகராறு வந்துச்சு? அன்னிக்கு என்ன வேலை ஓடிட்டிருந்துச்சு? மொதல்ல யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் நடந்தது வரும்.

ஒடியாவோ இந்தியோ பேசும் தொழிலாளர் இருக்கும் இடத்தில், மொழிபெயர்க்க கான்ட்ராக்டரின் ஆளை உட்கார வைப்பது பெரிய தவறு. வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருக்கும்போது அவர் வழியாக யார் குறை சொல்வார்கள்? மொழிபெயர்ப்பாளரையும் வெளியிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

கூட்டாகப் பேசும் நாளில் ஆறு முதல் எட்டுப் பேர், மூன்று மணி நேரம், நடுவில் ஒரு டீ. அதற்கு மேல் இழுத்தால் களைப்பில் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எல்லோரும் எல்லோரையும் "நீங்க" என்றே சொல்ல வேண்டும் என்பது நாங்கள் கண்டிப்பாக வைக்கும் விதி. நம் ஊரில் பல தகராறுகள் ரிஜெக்ட் பீஸிலிருந்து தொடங்குவதில்லை, "என்னய்யா நீ" என்பதிலிருந்து தொடங்குகின்றன. இருபது வருடம் மெஷினில் நின்றவரை, டிப்ளமோ முடித்து நேற்று வந்த சூப்பர்வைசர் பெயர் சொல்லி வா போ என்று கூப்பிட்டால், சூப்பர்வைசர் சொல்லும் நியாயமான விஷயம்கூட அந்தப் பெரியவர் காதில் ஏறாது. "அண்ணே" என்று கூப்பிடுவதால் அதிகாரம் குறைந்துவிடாது என்பதைச் சூப்பர்வைசரிடம் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும், கூட்டத்தில் வைத்துச் சொன்னால் அவர் முகம் விழுந்துபோகும்.

கட்டாய மன்னிப்பு வேண்டாம். கைகுலுக்க வைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். மன்னிப்பு தானாக வந்தால் வரட்டும். முடிவில் கையில் இருக்க வேண்டியது ஒரு பக்கத் தாள்: யார், எதை, எந்தத் தேதிக்குள். ஐந்து விஷயத்துக்கு மேல் எழுதினால் ஒன்றும் நடக்காது. அதில் ஒன்றாவது நிர்வாகம் செய்ய வேண்டியதாக இருக்கட்டும். எல்லாம் தொழிலாளர் பக்கமே இருந்தால் அது சமரசத் தாள் இல்லை, மெமோ. 30, 60, 90-ஆம் நாட்களில் ஆலோசகர் திரும்ப வந்து, ஒன்றரை மணி நேரம் அந்தத் தாளை மட்டும் வைத்துப் பேச வேண்டும். இந்த மூன்று வருகையையும் முதல் விலைப்புள்ளியிலேயே சேர்த்துக் கேளுங்கள். 60-ஆம் நாள் வாக்கில் பழைய சண்டை ஒரு முறை தலைதூக்குவது வழக்கம். அதைத் தோல்வி என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறார்கள்.

சமரசத்துக்கு வரவே கூடாத விஷயங்களும் உண்டு. பாலியல் தொல்லைப் புகார் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடத்திலும் அந்தக் குழு இருந்தாக வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் சொன்ன பெண் தானாகக் கேட்டால் தவிர சமரசப் பேச்சுக்கே இடமில்லை, கேட்டாலும் பணத்தை வைத்து முடிக்கக் கூடாது. சாதியைச் சொல்லித் திட்டுவதைக் 'கருத்து வேறுபாடு' என்று தாளில் எழுத எந்த ஆலோசகருக்கும் உரிமை இல்லை, அப்படித் திட்டுவது சட்டப்படி குற்றமாகலாம். கொடுக்காத ஓவர்டைம் கூலி, கழற்றி வைத்த மெஷின் பாதுகாப்பு மூடி, இவற்றுக்கும் மனம்விட்டுப் பேசுவது மருந்தாகாது. கூலியைக் கொடுங்கள், மூடியை மாட்டுங்கள். 20 தொழிலாளரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் இரு தரப்பும் சம அளவில் உட்காரும் குறைதீர் குழு சட்டப்படி வேண்டும், 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் குழுவைக் காகிதத்தில் மட்டும் வைத்துவிட்டு வெளியாளைத் தேடுவது, வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீர் வாங்குவது போலத்தான். தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் அதற்குத் தெரியாமல் ஆலோசகரைக் கொண்டுவருவதும் கூடாது. உளவு பார்க்க வந்தவர் என்று முதல் நாளே பெயர் விழுந்துவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி அவசியம்: "பிரச்சினைக்குக் காரணம் எங்க மேனேஜர்தான்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?" சுற்றி வளைப்பவரை விட்டுவிடுங்கள். "அவர்கிட்ட மொதல்ல தனியாச் சொல்லுவேன், அப்புறம் உங்ககிட்ட சொல்லுவேன், அறிக்கையிலயும் எழுதுவேன்" என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரி, பதினைந்து பேர் வேலை செய்யும் லேத் பட்டறை என்ன செய்யும் என்பது நியாயமான கேள்வி. அங்கே ஒரு முழு ஆலோசனைக்குச் செலவழிக்க முடியாது. ஆகவே கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர்கள் பங்குபோட்டுச் செலவேற்கும் வகையில், ஓய்வுபெற்ற தொழிலாளர் துறை அலுவலர்கள், சங்க அனுபவம் உள்ளவர்கள், மனிதவளத் துறையில் இருந்தவர்கள் எனப் பத்துப் பேர் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். அதில் பாதிப்பேர் தொழிலாளர் தரப்பு நம்பக்கூடியவர்களாக, மூன்று பேராவது பெண்களாக, இரண்டு பேராவது இந்தி தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தின் மாதிரியை எளிய தமிழில் அரைப் பக்கத்துக்கு அச்சடித்து, பட்டறை நோட்டீஸ் போர்டில் ஒட்டக் கொடுங்கள். அடுத்த மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
பணியிடச் சமரசப் பணியில் உள்ள சிலர்,
கோயம்புத்தூர்