இயக்குநர்களுக்குக் கணக்கு படிக்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முந்திரி, பலா, மணிலாவை நம்பி நம் கடலூர் மாவட்டத்தில் தொடங்கிய, விவசாயிகளே உறுப்பினர்களாகவும் இயக்குநர்களாகவும் இருந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குத் தலைமைப் பயிற்சி என்றால் இரண்டு நாள் மண்டபக் கூட்டம் என்றே ஆகிவிட்டது. தன்னம்பிக்கைப் பேச்சு, சால்வை, சாப்பாடு, குரூப் போட்டோ. நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்ட வேண்டும் என்று மார்ச்சில் வைத்தால், முந்திரிக்கொட்டை பொறுக்கும் நேரத்தில் எந்த இயக்குநர் வருவார்?

இயக்குநர்களுக்கு முதலில் வேண்டியது கணக்கு படிக்கும் பழக்கம். கொட்டை கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவுக்கு 24 கிலோ பருப்பு தேறினால், ஒரு கிலோ பருப்பில் கொட்டைச் செலவு 500 ரூபாய். சரியாகக் காயாத கொட்டையை எடைபோட்டு வாங்கி 20 கிலோதான் தேறினால் அதுவே 600. உடைக்கும் பெண்களின் கூலி, மின்சாரம், பேக்கிங் எல்லாம் இதற்குமேல். "இந்த மாதம் ஏன் நான்கு கிலோ குறைந்தது?" என்று கேட்கத் தெரியாத இயக்குநர், மேலாளர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். நட்டம் தெரியும்போது அடுத்த சீசனில் கொட்டை வாங்கக் கையில் பணம் இருக்காது. உறுப்பினர்கள் பழைய வியாபாரியிடமே போய்விடுவார்கள்.

சட்டமும் இயக்குநர்களைத்தான் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இயக்குநர் குழு கூட வேண்டும். ஆண்டறிக்கை தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்குப் பதவித் தகுதியே போய்விடும். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள்.

2020இல் வந்த மத்திய அரசின் 10,000 நிறுவனங்கள் திட்டத்தில் ஒரு நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய், அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். பிறகு மேலாளர் சம்பளம் சொந்த வருமானத்திலிருந்துதான். அதற்குள் இயக்குநர்கள் தேறியாக வேண்டும்.

கொள்முதல் ஓய்ந்த ஜூனில் தொடங்கி ஆறு மாதம், மாதம் ஒரு நாள், நிறுவனத்தின் அலுவலகத்திலேயே பயிற்சி நடக்கட்டும். அந்த மாதக் கணக்கே பாடப்புத்தகம். இருப்பு, கொள்முதல், வர வேண்டிய பாக்கி மூன்றையும் ஒவ்வொரு மாதமும் ஒரு இயக்குநர் எழுந்து விளக்க வேண்டும், மேலாளர் அல்ல. போன மாதத் தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை முதலில் படிக்க வேண்டும். பெண் இயக்குநர்கள் வர வேண்டுமானால் காலை 11 மணிக்குமுன் ஆரம்பிக்கக் கூடாது.

இத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம் என்ற எண்ணிக்கையை வேளாண் வணிகத் துறை கேட்டு என்ன ஆகப்போகிறது? உறுப்பினர்களில் எத்தனை பேர் நிறுவனத்துக்கே கொட்டை போட்டார்கள், எத்தனை நாளில் அவர்களுக்குப் பணம் போனது, உடைக்கும் பெண்களுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று வரும் ஆண்டிலிருந்தாவது கேட்கட்டும்.

இப்படிக்கு,
உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்குப் பயிற்சி தருவோர்,
பண்ருட்டி.