ஸ்கேன் அறையில் ஒரு வார்த்தை: மருத்துவர்களுக்குத் திறந்த மடல்

ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்காக உங்களில் இருவர் முன்னால் நான் படுத்திருக்கிறேன், இரண்டு பிரசவங்களுக்கு முன்பும்.

முதல் தடவை, ஜெல் வயிற்றில் சில்லென்று பட்டதோடு சரி. அப்புறம் இருபது நிமிடம் பேச்சே இல்லை. பட்டனைத் தட்டும் சத்தம் மட்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்றார் மருத்துவர். அந்த நடையில் நான் நினைக்காத கெட்டது எதுவும் பாக்கியில்லை. விஷயம் இதுதான்: குழந்தையின் முதுகு மேல்பக்கமாக இருந்தது, எலும்பின் நிழல் இதயத்தை மறைத்தது. நடந்தால் குழந்தை திரும்பிப் படுக்கலாம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டாம் முறை வேறொரு மருத்துவர். தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்: "தலை, தொடை எலும்பு எல்லாம் அளப்பேன். மூளை, உதடு, முதுகுத்தண்டு, சிறுநீரகம் பார்ப்பேன். இதயத்தில் நான்கு அறைகள், அதிலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய்கள், இதற்குத்தான் நேரம் பிடிக்கும். அப்போது பேச மாட்டேன், பயப்படாதீங்க." அதே மௌனம்தான். ஆனால் நான் நிம்மதியாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முறை நஞ்சுக்கொடி கீழே, கர்ப்பப்பை வாய்ப் பக்கமாக இருந்தது. கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு அது மேலே போய்விடும், 32 வாரம் வாக்கில் மறுபடி பார்ப்போம் என்று அங்கேயே விளக்கினார். அதை ரிப்போர்ட்டில் மட்டும் படித்திருந்தால் அன்று இரவு தூக்கம் போயிருக்கும். குழந்தையின் இதயத்தில் வெண்புள்ளி என்று ரிப்போர்ட்டில் வருவதும் அப்படித்தான். வேறு குறை எதுவும் இல்லாமல் அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் இதயத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இதை நாங்கள் நடுராத்திரியில் போனில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இன்னொன்று. "எல்லாம் நார்மல்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இந்த ஸ்கேனில் எல்லாமே தெரிந்துவிடாது. இதயத்தில் சின்ன ஓட்டை தப்பிவிடலாம், டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறை உண்டா இல்லையா என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தாலும் அது எங்களுக்குத் தெரிய வேண்டியதுதான். நிஜமாகவே குறை தென்பட்டால், ஜெல்லைத் துடைத்து எழுந்து உட்காரவிட்டு, கூட வந்தவரையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள். படுத்த நிலையில் அரைகுறையாகக் காதில் விழுவது கொடுமை.

வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை நானும்தான் பார்த்தேன். நின்று பேச நேரமில்லை என்றால் எழுதியாவது கொடுங்கள்: 18 முதல் 22 வாரத்துக்குள் ஏன் வரச் சொல்கிறீர்கள், அரை மணி நேரம் ஏன் ஆகிறது, எதற்காக நடக்கச் சொல்வீர்கள், இன்னொரு நாள் வரச் சொன்னால் என்ன அர்த்தம். நான்கைந்து வரிதான். எனக்குத் தந்த சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் அம்மா