புயல் வலுவிழந்தால் மழை விட்டதாக அர்த்தமில்லை

கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி உறுப்பினர்கள் கவனத்துக்கு:

கரையேறிய புயல் மறுபடி வலுக்குமா என்று பலர் கேட்கிறீர்கள். பொதுவாகத் தரைமேல் இருக்கும்வரை வலுக்காது. அதற்குத் தீனியே கடல்நீரின் வெப்பமும் ஈரமும்தான். மேற்கே நகர்ந்து அரபிக்கடலில் இறங்கினால் வாய்ப்புண்டு. அங்கும் மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், மேலடுக்குக் காற்று புயலின் தலையைச் சாய்த்துவிடக் கூடாது. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா அப்படித்தான் தமிழகத்தைக் கடந்து அரபிக்கடலுக்குப் போனது.

மலைக்காரர்களுக்குப் பெயர் முக்கியமில்லை. காற்று மணிக்கு 62 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்பார்கள். அதனால் மழை உடனே குறைந்துவிடாது, மெதுவாக நகர்ந்தால் கூடுதலாகவே கொட்டும். கிழக்குக் காற்று சரிவில் மோதி ஏறுவதால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் அதிகம் வாங்கும். மையம் மேற்கே கடந்ததும் காற்று தெற்கிலிருந்து திரும்பும். ஊறிய மண்ணில் நிற்கும் யூகலிப்டஸ், சில்வர் ஓக் அடியில் அப்போது வண்டி நிறுத்தாதீர்கள்.

ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ நின்றாலோ, சரிவில் புது விரிசல் தெரிந்தாலோ, முதலில் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். பிறகு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077-க்குச் சொல்லுங்கள். வத்தலக்குண்டு மலைப்பாதையில் இரவுப் பயணம் வேண்டாம்.