கிணறு உண்டு, குழாய் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஷேல் எனும் களிமண் பாறைகளில் சிக்கியிருக்கும் எரிவாயு பெருமளவில் எடுக்கப்படுவதால் அமெரிக்காவில் இனித் தட்டுப்பாடே இராது என்னும் வாதம் குழாய்களின் கொள்ளளவை மறந்துவிடுகிறது. மேற்கின் மலைப்பகுதி வாயுவை ஒஹாயோ வரை கொண்டுவர 2009-இல் முடிக்கப்பட்ட ராக்கீஸ் எக்ஸ்பிரஸ் குழாய்வழியில், ஒஹாயோவுக்கு அருகிலேயே உள்ள மார்செல்லஸ், யூட்டிகா ஷேல் பாறைகளிலிருந்தே வாயு குவியத் தொடங்கியதால், சில ஆண்டுகளிலேயே கிழக்குப் பகுதியின் ஓட்டத்தை மேற்கு நோக்கித் திருப்ப வேண்டியதாயிற்று. கிணறு தோண்டச் சில வாரங்கள் போதும். குழாய்க்கோ அனுமதி, நிலம், குழாயில் இடம் பிடிக்கும் முன்பதிவு ஒப்பந்தம் என ஆண்டுகள் கழிகின்றன. பென்சில்வேனியா வாயுவை நியூயார்க்குக்குக் கொண்டுசெல்லவிருந்த கான்ஸ்டிடியூஷன் குழாய்த் திட்டம், 2016-இல் நீர்த்தரச் சான்று (நீர்நிலைகளின் தரம் கெடாது என்னும் அரசுச் சான்று) மறுக்கப்பட்டு (அம்மறுப்பில் நியாயமே இல்லை என நான் கூறவில்லை), 2020-இல் கைவிடப்பட்டது. இதற்கிடையே, குழாய்வழி வாயு போதாத 2018 ஜனவரிக் குளிரில் பாஸ்டனுக்கு ரஷ்ய வாயு கலந்த, குளிரூட்டித் திரவமாக்கிய இயற்கை எரிவாயு கப்பலில் வந்திறங்கியது. உற்பத்திக் கணிப்புகளை வெளியிடும்போது குழாய்க் கொள்ளளவையும் உடன் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்