தூக்கம் எப்படி இருக்கிறது?

கண்ணா,

போன் எடுக்க நேரமில்லாத அளவுக்கு வேலை என்றால் சந்தோஷம்தான். தூக்கம் எப்படி இருக்கிறது? அதை முதலில் சொல்.

அக்கா நன்றாக இருக்கிறாள். அப்பாவும் அப்படியேதான், உனக்கே தெரியும்.

நூலகத்தில் உன்னை நிரந்தரமாக்கப் போகிறார்களாம், அக்காதான் சொன்னாள். அவளிடம் சொன்னதை என்னிடம் சொல்ல என்ன தயக்கம்? சரி, விடு. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! படுக்கையை விட்டு எழுவதே உனக்கு மலையாக இருந்தபோது எத்தனை பேர் சோம்பேறி என்றார்கள். அது சோம்பல் இல்லை, மனச்சிதைவு நோயின் ஒரு பகுதி. இல்லாத குரல்கள் காதில் கேட்பதை மருந்து அடக்கும். ஒரு காரியத்தைத் தொடங்கும் உந்துதலையும் கவனத்தையும் அது அவ்வளவாக மீட்டுத் தராது. அதற்குத்தான் ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி.

துணி துவைப்பதை அந்த தெரபிஸ்ட் எப்படிப் பிரித்துக் கொடுத்தார்! முதலில் அழுக்குத் துணியைக் கூடையில் போடுவது மட்டும். அது பழகிய பிறகு மெஷினில் போடுவது. ஒவ்வொரு படியையும் எழுதி மெஷின் மேலேயே ஒட்டினார். நீ தடுமாறினாலும் நான் கைவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் சும்மா நிற்பது எனக்கு லேசாக இல்லை. இன்று அத்தனை புத்தகங்களையும் வரிசை பிசகாமல் நீ அடுக்குகிறாயே, அந்தப் பழக்கம் அங்கே பிடித்ததுதான்.

அதனால் வேலை கிடைத்துவிட்டது, இனி அவரிடம் போக வேண்டாம் என்று நினைக்காதே. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவருடைய உதவி அதிகம் தேவை. சத்தம் தாங்காவிட்டால் எங்கே போய் உட்காருவது, மேலதிகாரியிடம் எப்படிக் கேட்பது, இதெல்லாம் அவரோடு பேசு. இரவு வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. தூக்கம் முக்கியம்.

நோயாளிகளின் குடும்பங்களுக்கான கூட்டத்தில் சொன்ன ஒரு விஷயத்தை அப்பா எழுதி வைத்திருக்கிறார், உன்னிடம் காட்டியிருக்க மாட்டார். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநில மருத்துவமனையில் வருடக்கணக்காகக் கிடந்தவர்களுக்கு 1950களில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்து வெளியே அனுப்பினார்களாம். அப்படி அனுப்பி 20, 25 வருடம் கழித்து கோர்ட்னி ஹார்டிங் என்பவரும் அவருடைய குழுவும் அவர்களைத் தேடிப் பார்த்து 1987இல் எழுதினார்கள். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வரை நன்றாகத் தேறியிருந்தார்கள், இல்லாவிட்டால் குணமாகியே இருந்தார்கள். அந்த வரிக்குக் கீழே அப்பா இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

மாத்திரை பற்றிக் கேட்க வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். போன தடவை கேட்டதற்குக் கோபப்பட்டாய். எடை கூடுகிறது, காலையில் மந்தமாக இருக்கிறது என்றாய். நீ சொல்வது உண்மைதான். அதையே டாக்டரிடம் சொல்லப்பா. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து தரலாம், மாதம் ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் வழியும் இருக்கிறது. நீயாக நிறுத்தாதே. நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது, நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். நோய் திரும்ப வருவதற்குச் சில வாரம் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

நோய் திரும்பினால் முதலில் என்ன தெரியும் என்று நீயும் தெரபிஸ்டும் சேர்ந்து எழுதிய எச்சரிக்கைத் தாள் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. உன் கையெழுத்துதான். முதலில் தூக்கம் கெடும், அப்புறம் யார் போனையும் எடுக்க மாட்டேன் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் அக்காவுக்காவது இன்றைக்கே ஒரு வரி அனுப்பு.

அம்மா